செருப்பு விடும் இடம்

ஆட்டோ தெருமுனை திரும்பிப் போன பிறகும் கமலவேணி சிட்அவுட் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீங்க போய் உலையை வையுங்க, நான் கொஞ்சம் காத்தாட உட்கார்ந்துட்டுக் கூப்பிடறேன் என்று புருஷனை உள்ளே அனுப்பியாயிற்று. நல்லசிவம் மறுபேச்சு பேசுகிற ஆளில்லை. செருப்பைச் சுவரோரம் ஜோடியாக விட்டார், குழாயடியில் காலைக் கழுவினார், சாக்கில் துடைத்தார், நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய்விட்டார். அத்தனையையும் அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடேயப்பா, என்ன வித்தை இது! ஒரு காலைத் தூக்கினார், அந்தப் பக்கம் வைத்தார், இன்னொன்றைத் தூக்கினார், ஆள் உள்ளே. தூக்கினோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் நினைப்பெல்லாம் அரிசி எவ்வளவு போடுவது என்பதில் இருந்திருக்கும். படி வருகிறது, விரலை மேலே எடு என்று அவர் பாதத்துக்கு யார் போய்ச் சொன்னது? அவளுக்கும்தான் இத்தனை வருஷமாக யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணமாகி வந்து இந்தப் படியை முதல் தடவை தாண்டியபோது சொன்னார்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் பால்சொம்புமாகத் தாண்டியபோது சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் கேட்டைப் பூட்டினோமா என்று பார்க்க ஓடியபோதுகூட ஒரு தடவை பிசகாமல் சொன்னார்கள். அந்த ஆளை அவள் ஒரு நாளும் யாரென்று கேட்டதில்லை. இப்போது இடது காலில் மட்டும் அந்த ஆள் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகுதான், அப்படி ஒருத்தர் இருந்தாரே என்று தெரிகிறது.

இடது கால் அவளுக்கு முன்னால் நீட்டிக் கிடந்தது. கெண்டைச் சதையைப் பின்னாலிருந்து அணைத்து, குதிகாலைச் சுற்றி இறங்கி, உள்ளங்காலை விரல் நுனிவரை தாங்குகிற ஒரே வார்ப்பான வெள்ளை பிளாஸ்டிக். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கணுக்காலில் ஒன்றுமாக, பிய்த்தால் பறபறவென்று சத்தம் போடுகிற ஒட்டுப்பட்டைகள். ஸ்பிளின்ட் என்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பர்வீன் சொல்லும். நல்லசிவம் பிளாஸ்டிக்கு என்பார். கமலவேணி அதற்குப் பேரே வைக்கவில்லை, அது, இது என்றுதான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அதை ஒரு கேன்வாஸ் ஷூவுக்குள் நுழைத்துத்தான் மாட்டுவது. வெளியே கிளம்பும்போது மாட்டுவாள், திரும்பி வந்ததும் ஷூவோடு சேர்த்துக் கழற்றி இந்தச் சுவரோரமே வைத்துவிடுவாள். அவள் எங்கே வைத்தாள், கையால் தொட்டால்தானே. நல்லசிவம்தான் கழற்றுவார், நல்லசிவம்தான் வைப்பார். இன்றைக்குக் காலையில் குட்டு உடைந்துவிட்டது. அந்தப் பர்வீன், காலை மேலே கீழே மடக்கிப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்குள்ளயும் போட்டுட்டுத்தானே இருக்கறீங்க என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டது. கமலவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள்ள யாராச்சும் செருப்புப் போடுவாங்களா கண்ணு என்றாள். பர்வீன் சிரிக்கவில்லை. காலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, குதிகாலுக்கு மேலே விரலை வைத்து அழுத்திக் காட்டியது. "இங்க கயிறாட்டம் ஒண்ணு இருக்குது பாருங்கம்மா. நீங்க வீட்டுல இருக்கற நேரமெல்லாம் பாதம் தொங்கிட்டே இருக்குது, இது சுருங்கிட்டே வருது. இப்படியே விட்டா இது இறுகிப்போயிரும். அப்புறம் நரம்புக்கு உசுரு வந்தாலும் பாதம் மேல வராது." இதை அந்தப் பெண் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம், பயந்துபோய்ச் சொன்னது. உடனேயே அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போய் அடியில் முழுக்க ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்து, இனி ஷூவே வேண்டாம், தூங்குகிற நேரம் குளிக்கிற நேரம் தவிர இது காலில்தான் இருக்க வேண்டும் என்று மாட்டிவிட்டது. நல்லசிவம் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் அது. வந்தவரிடம் அவள் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. போலாமுங்களா என்றார், போலாமுங்க என்றாள்.

எப்படிச் சொல்வது? முப்பது வருஷமாக இந்த வீட்டில் செருப்புக்குப் போலீஸ் அவள்தானே. சிலிண்டர் போடுகிறவர் தோளில் சிலிண்டரோடு நிற்பார், இவள் குறுக்கே நின்றுகொண்டு காலைப் பார்ப்பாள், அவர் முணுமுணுத்துக்கொண்டே உதறிவிட்டு வருவார். வீட்டுக் கடனுக்குப் பார்வையிட வந்த பேங்க் ஆபீசர் லேஸ் வைத்த ஷூவை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, வெளியிலிருந்தே நன்றாகத் தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் மாமா சாக்ஸோடு உள்ளே கால் வைத்துவிட்டார். அதுவும் செருப்புக்குள்ள போனதுதானுங்களே என்று இவள் சொன்ன தோரணையில் கூடியிருந்த சபையே கப்சிப். நல்லவேளை, அந்தக் கல்யாணம் நின்றுபோகவில்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். சத்துணவு அமைப்பாளராக எத்தனை வருஷம்! அவள் கூடத்து வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் வரிசை பிசகி ஒரு நாள் கிடந்ததில்லை, ஹெட்மாஸ்டருடையதும் அந்த வரிசையில்தான் இருக்கும். சோறு இருக்கிற இடம், சாமி இருக்கிற இடம், அங்கே தெருவைக் கூட்டிக்கொண்டு வரலாமா? அந்தக் கேள்விக்கு அவளுக்கு இன்றைக்கும் ஒரே பதில்தான். அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. ஏனென்றால் இந்த ரப்பர் இன்றைக்குத் தெருவில் நடந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது, பஸ் ஸ்டாண்டு ஓரம் வெற்றிலைச் சாறு துப்பிக் கிடந்த இடத்தில் ஆட்டோவுக்காக நின்றது. ஆனால் எப்படி நடந்தது! ஷூவுக்குள் இருந்தபோது தெரியாத ஒன்று இன்றைக்குத் தெரிந்தது. காலை எடுத்தாள், பாதம் கூடவே வந்தது. தொங்கவில்லை, இழுபடவில்லை, கூப்பிட்டதும் எழுந்து வருகிற பிள்ளை மாதிரி அந்தப் பக்கத்துக் காலுக்குச் சமமாக எழுந்து வந்தது. முதலில் குதிகால் ஊன்றியது, அப்புறம் பாதம், அப்புறம் விரல். நடப்பதென்றால் இத்தனை வேலையா?

வாய்க்கால் மேட்டுத் திருப்பத்தில் மொபெட் சறுக்கிய அன்றைக்கு இதெல்லாம் யார் நினைத்தார்கள். முன்னால் காய்கறி மூட்டை, மழைச் சேறு, அவ்வளவுதான், வண்டி முழங்காலின் வெளிப்பக்கம் வந்து சாய்ந்தது. தக்காளிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வாய்க்காலில் விழுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டு, ஐயோ இன்னைக்குச் சாம்பாருக்கு என்ன பண்றது என்று கத்தினாளாம். தூக்கிவிட்டவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது. எலும்புக்கு என்ன, அது ஊரறிய உடையும், ஊரறியக் கூடும். நரம்புதான் சத்தமில்லாமல் நசுங்கியிருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கு டாக்டர் பாதத்தை மேலே தூக்குங்கள் என்றார். அவளும் தூக்கினாள், அவளைப் பொறுத்தவரை தூக்கிவிட்டாள். குனிந்து பார்த்தால் அது அப்படியே கிடந்தது. மறுபடி தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். வேறு யாருடைய காலையோ கட்டிலில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் போல அது பேசாமல் கிடந்தது. பயப்படாதீங்க, நரம்பு தானாகவே வளரும் என்றார் டாக்டர். எப்படிங்க வளரும் என்றதற்கு, முழங்கால்கிட்ட அடிபட்ட இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், ஒரு நாளைக்குக் கடுகளவுகூட இருக்காது, வரலாம், வராமலும் போகலாம், மாசக்கணக்காகும், அதுவரைக்கும் பாதத்தை மடங்காமல் காப்பாற்றி வைத்திருப்பதுதான் உங்கள் வேலை என்றார். அதைக் கேட்டதிலிருந்து ராத்திரி கண்ணை மூடினால் அவளுக்கு இதே நினைப்புத்தான். உள்ளே, இருட்டில், சதைக்கும் எலும்புக்கும் நடுவே, கடுகளவும் இல்லாத ஒன்று தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் வழி சொல்லவில்லை. கையில் விளக்கில்லை. ஆனாலும் கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும். சாமி கும்பிடும்போதுகூட இப்படி மெய் சிலிர்த்ததில்லை, சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளும். அது அவ்வளவு தூரம் நடந்து வந்து, கதவைத் தட்டுகிற நேரத்தில், உள்ளே கயிறு இறுகிக் கதவு திறக்காமல் போனால்? வந்தது திரும்பிப் போகுமா, அங்கேயே நிற்குமா? பர்வீன் விரல் வைத்து அழுத்திய அதே இடத்தைக் கமலவேணி வலது காலில் தடவிப் பார்த்தாள். இடது பக்கம் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருந்தது, காலையில் அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, இல்லை, இடது கொஞ்சம் முறுக்கேறி இருந்தது, இல்லை, அது பயத்தில் தோன்றுகிறது.

உள்ளே மிக்சி ஓட ஆரம்பித்தது. அந்த மனுஷன் சட்னி அரைக்கிறாராம். அதில் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் அது மட்டும்தான் இருக்கும். அவரை இன்னும் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. கூப்பிட்டால் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வருவார், பட்டையைப் பிய்ப்பார், இதைச் சுவரோரம் வைப்பார், தோளைக் கொடுப்பார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டுவாள். தாண்டுவாளா? அங்கேதான் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. எங்கே தாண்டினாள்? வலது கால் தாண்டும். இடது கால் வரும்போது விரல்கள் தொங்கிக்கொண்டு போய் டங்கென்று படியில் இடிக்கும். தினம் இடிக்கும். ஒரு தடவை தடுக்கி விழுந்ததில் வளையல் உடைந்து கையைக் கிழித்ததுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி, லட்சுமி இருக்கிற படி, மிதிக்கக்கூட மாட்டாள், மிதித்தவர்களைத் தொட்டுக் கும்பிடச் சொல்லுவாள். அந்தப் படியைத்தான் மாசக்கணக்காக இவள் உதைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, மஞ்சள் முழுக்க இருக்கிறது, இவள் விரல் உரசுகிற அந்த ஒரு இடத்தில் மட்டும் மரம் வெளுத்துக் கிடக்கிறது. அடக் கடவுளே. செருப்பு உள்ளே வரக் கூடாது என்று இதைக் கழற்றிவைத்துவிட்டு, வெறுங்காலால் போய் லட்சுமியை உதைத்திருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்மேலேயே கோபம் வந்தது, கோபத்தின் நடுவே சிரிப்பும் வந்தது. சரி, இது செருப்பேதானா? செருப்பென்றால் கடைக்குப் போனோம், நம்பர் சொன்னோம், வாங்கினோம். அவளுடைய செருப்பைப் பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொண்டு போகலாம், கல்யாண மண்டபத்தில் எத்தனை தடவை போயிருக்கிறது. இதை யார் போட முடியும்? அளவெடுத்த அன்றைக்குக் கால் முழுக்க ஈரமாவுத் துணியைச் சுற்றி, காய்ந்ததும் கூடு மாதிரிக் கழற்றி எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது பர்வீன் உள் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டியது. அலமாரித் தட்டில் ஒரு கால் தனியாக நின்றுகொண்டிருந்தது. வெள்ளைவெளேரென்று, முழங்கால் வரைக்கும். கணுக்கால் மொட்டு கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது, அவளுடையது அப்படித்தான் இருக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறியிருந்தது. இது யாருதுன்னு தெரியுதுங்களா என்று கேட்டது பர்வீன். இருக்கிற கால் படுத்துவிட்டது, அதைப் பார்த்துச் செய்த கால் அங்கே நேராக நிற்கிறது. அந்தக் காலின்மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் போர்த்தி இதை எடுத்தார்களாம்.

மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடுவே வழி. குழாயடி அந்தப் பக்கம், ஜோடியாகச் செருப்பு விடுகிற இடம் இந்தப் பக்கம். தெருவிலிருந்து வந்தால் எது எங்கே போக வேண்டும் என்று இந்த வீட்டில் கேட்கவே வேண்டியதில்லை. செருப்பென்றால் இங்கே நின்றுவிடும். காலென்றால் கழுவிக்கொண்டு உள்ளே போகும். அவ்வளவுதானே சட்டம், அவளே போட்ட சட்டம். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வலது கால் செருப்பை மட்டும் சுவரோரம் விட்டுவிட்டுக் குழாயடிப் பக்கம் நடந்தாள், சிமென்டுக் கட்டையில் உட்கார்ந்தாள், வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வலது காலில் ஊற்றினாள். சில்லென்றது. இடது காலை வலது தொடைமேல் எடுத்துப் போட்டு, அடிப்பக்கத்து ரப்பரில் தண்ணீர் விட்டு, கையை வைத்துத் தேய்த்தாள். கை முதலில் கூசியது. எத்தனை நாளாகச் சொந்தக்காரி மாதிரி கூடவே வந்ததை இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொடுகிறாள். ரப்பரில் ஒட்டியிருந்த மண் போனது. குதிகாலைச் சுற்றித் தேய்த்தாள். விரல் கணுக்காலுக்கு வந்ததும் ஒரு புடைப்பில் நின்றது. கணுக்கால் மொட்டு. கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது. உள்ளே சதையும் எலும்புமாக அவளுடைய மொட்டு, வெளியே அதேபோல இன்னொன்று, ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக. பாதத்தின் மேல்பக்கத்தில் தண்ணீர் பட்டது அவளுக்குத் தெரியவில்லை, அங்கே உணர்ச்சி இன்னும் வரவில்லை, பிளாஸ்டிக்குக்குள் போட்டிருந்த காலுறை நனைந்து நிறம் மாறியதைக் கண்ணால்தான் பார்த்தாள். கையில் பிளாஸ்டிக் வெதுவெதுவென்று இருந்தது. வெயிலில் நீட்டியிருந்ததாலா, உள்ளே கால் இருப்பதாலா? கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டிருக்கிறாள், மாமனாருக்குப் படுக்கையில் கழுவிவிட்டிருக்கிறாள், சொந்தக் காலை இப்படி உட்கார்ந்து நிதானமாகக் கழுவியதேயில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினாள். ஈரக் காலுறையைக் கழற்ற மனம் வரவில்லை, முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

சாக்கில் இரண்டு காலையும் அழுத்தித் துடைத்தாள். வழுக்குமோ என்று ரப்பரை மறுபடியும் துடைத்தாள். நிலைப்படி முன்னால் வந்து, வலது கையைக் கதவு நிலையில் வைத்தாள். பயம் இல்லையென்று சொன்னால் பொய். விழுந்தால் மிக்சி சத்தத்தில் அவருக்குக் கேட்கவும் கேட்காது. சாமி அலமாரி நேர் எதிரே தெரிந்தது, காலையில் ஏற்றிய விளக்கு அணைந்து திரி மட்டும் கருகி நின்றது. பார்த்துக்கோ தாயே, நான் ஒண்ணும் மறைச்சு வரலை, கழுவிட்டுத்தான் வர்றேன் என்று மனசுக்குள் சொன்னாள். இடது காலை முதலில் எடுத்தாள். அது எழுந்தது. விரல்கள் தொங்கவில்லை. மஞ்சள் பூசிய மரத்துக்கு மேலே, அதைத் தொடாமல், உரசாமல், நடுவே ஒரு விரற்கடை இடம் விட்டுப் பாதம் தாண்டிப் போவதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரமா ஆகும் ஒரு படியைத் தாண்ட? அந்தப் பக்கம் குதிகால் ஊன்றியது. வலது கால் பின்னால் வந்தது. வந்துவிட்டாள். தோள் பிடிக்காமல், யாரையும் கூப்பிடாமல், படியை உதைக்காமல் அவள் வீட்டுக்குள் அவள் நிற்கிறாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு முன்னால் பார்த்தாள். வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது! சுவரைத் தடவிக்கொண்டே போய் வந்ததில் கூடத்தின் நடுவை மறந்தே போயிருந்தாள். சுவரை விட்டாள். நடுக்கூடத்தில் நடந்தாள். டக், டக் என்று மொசைக் தரையில் ரப்பர் பதிந்தது. இழுவைச் சத்தமில்லை, ஒரு காலுக்கு ஒரு சத்தம், ஒழுங்காக, அழுத்தமாக. அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசையாக இருந்தது, இன்னும் கொஞ்சம் ஊன்றியே வைத்தாள். அந்த நேரம் பார்த்து மிக்சி நின்றது. வீடு சட்டென்று அமைதியானது, அவள் நடை மட்டும் கேட்டது. சமையலறையிலிருந்து நல்லசிவத்தின் குரல் வந்தது.

"யாருங்க அது? செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. அம்மிணி பார்த்தாச் சத்தம் போடும்."

கமலவேணி நின்றுவிட்டாள். முப்பது வருஷமாகக் கூடவே இருக்கிற மனுஷனுக்கு அவள் நடை அடையாளம் தெரியவில்லை. யாரோ நல்ல காலோடு நடந்து வருகிற வெளியாள் என்று நினைத்துவிட்டார்.

"செருப்பில்லீங்க," என்றாள். "எங் காலுங்க."